'தலையில நீர் கோத்துருச்சு...' - மூளைக்குள் ஒரு மதகு, அதன் நீர்மட்டத்தை வெளியிலிருந்தே சொல்லும் வயர்லெஸ் சென்ஸார்!

"ஈரத்தலையோட படுக்காதே, நீர் கோத்துக்கும்!"

இந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. எங்கள் ஆயாவிடம் அதற்கு வைத்தியமும் தயாராக இருக்கும். நொச்சி இலை போட்டு ஆவி, நெற்றியில் சுக்குப் பற்று, அவ்வளவுதான். சளியும் சைனஸும் தரும் தலைபாரத்துக்கு அது சரி. சிக்கல் என்னவென்றால், இன்னொரு நோயையும் நாம் இதே வார்த்தையில்தான் சொல்கிறோம். 'குழந்தைக்குத் தலையில நீர் கோத்திருக்குனு டாக்டர் சொன்னார்' என்று ஒரு அம்மா சொன்னால், பக்கத்து வீட்டில் இருப்பவர் சுக்கை இழைக்க ஆரம்பித்துவிடுவார். ஆனால், டாக்டர் சொன்னது 'ஹைட்ரோகெஃபாலஸ்'. அங்கே நீர் சேர்வது மூக்கைச் சுற்றியுள்ள அறைகளில் அல்ல, மூளையின் நடுவே. அதற்கு ஆவியும் பற்றும் உதவாது. அறுவை சிகிச்சை வேண்டும். அதுவும் சீக்கிரம் வேண்டும்.

சாமல்பட்டியில் ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்வோம். இரவு மணி 11. ஆறு வயதுப் பையன் திடீரென்று வாந்தி எடுக்கிறான். தலை வலிக்கிறது என்கிறான். மற்ற வீடுகளில் இது ஓம வாட்டரில் முடிகிற சமாசாரம். 'பள்ளிக்கூட வாசல்ல என்னத்த வாங்கித் தின்னே?' என்று ஒரு அதட்டல், அப்புறம் தூக்கம். இந்த வீட்டில் அப்படி முடியாது. ஏனென்றால், பையனின் வலது காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒரு சிறிய மேடு இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் கழுத்து வழியாக இறங்கி வயிற்றுக்குப் போகிறது. அதற்குப் பெயர் 'ஷன்ட்'. வாந்திக்குக் காரணம் பள்ளி வாசல் தின்பண்டமா, இல்லை அந்தக் குழாய் அடைத்துக்கொண்டதா? வீட்டில் யாருக்கும் தெரியாது. பையனை நேரில் பார்க்கும் மருத்துவருக்கே ஸ்கேன் எடுக்காமல் உறுதியாகச் சொல்வது கடினம்.

சாமல்பட்டிக்கு ரயில் நிலையம் உண்டு. சேலம் - ஜோலார்பேட்டை பாதையில் இருக்கிறது. (மாவட்டத் தலைநகரமான கிருஷ்ணகிரிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை என்பது தனிக்கதை.) ஆனால், நள்ளிரவில் மூளை நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் வேண்டுமென்றால் ஊத்தங்கரையைத் தாண்டி கிருஷ்ணகிரி, சேலம், அல்லது எல்லை தாண்டி பெங்களூரு என்றுதான் யோசிக்க வேண்டும். இந்தப் பகுதி மக்களுக்குப் பழகிய 'நிமான்ஸ்' இருப்பதே பெங்களூரின் ஓசூர் ரோட்டில்தான். போவதா, காலை வரை பொறுப்பதா? ஷன்ட் வைத்த குழந்தை இருக்கும் வீடுகளில் இந்தக் கேள்வி வருடத்துக்கு ஒருமுறை வருவதல்ல. ஒவ்வொரு காய்ச்சலுக்கும், ஒவ்வொரு தலைவலிக்கும் வரும்.

உடலுக்கு வெளியே ஒரு கருவியைப் பிடித்தால் உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று திரையில் காட்டும் சென்ஸார்களைப் பற்றிப் படித்தபோது, எனக்கு முதலில் தோன்றியது இந்த இரவு 11 மணிதான்.

ஒரு காபி டம்ளர் நீர்!

நம் மூளை ஒரு தெளிந்த நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. வளர்ந்த ஒருவரின் மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி எந்த நேரமும் இருப்பது சுமார் 150 மில்லி, அதாவது ஒரு காபி டம்ளர் அளவு. ஆனால், ஒரு நாளில் புதிதாகச் சுரப்பது சுமார் 500 மில்லி. அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று! சுரப்பது சுரந்தபடி இருக்க, பழையது ரத்தத்தில் கலந்து வெளியேற வேண்டும். வழியில் எங்காவது அடைப்பு ஏற்பட்டாலோ, உறிஞ்சும் இடம் பழுதானாலோ நீர் தேங்கும். மண்டை ஓடு விரியாது என்பதால் மூளை நசுங்கும்.

கைக்குழந்தைகளுக்கு மட்டும் மண்டை ஓடு விரியும், எலும்புகள் இன்னும் கூடாததால். அதனால்தான் தலை பெரிதாகிறது. 2013-ல் திரிபுராவைச் சேர்ந்த ஒரு பெண் குழந்தையின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கலாம். தலையின் சுற்றளவு 94 செ.மீ. ஒரு வயதுக் குழந்தைக்கு இருக்க வேண்டியது 46 செ.மீ அளவுதான். டெல்லி அருகே குருகிராமில் அறுவை சிகிச்சைகள் நடந்து தலையின் அளவு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் 2017-ல் அந்தக் குழந்தை இறந்துபோனது.

காரணங்கள் பல. பிறவியிலேயே வரலாம். குறைப்பிரசவத்தில் பிறந்த குழந்தைக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டு வரலாம். முதுகுத்தண்டு மூடாமல் பிறக்கும் குழந்தைகள் பலருக்கும் இது சேர்ந்தே வருகிறது. ஃபோலிக் அமில மாத்திரையை கர்ப்பம் தரிப்பதற்கு முன்பே தொடங்கச் சொல்வது இதனால்தான். கரு உருவாகி 28 நாள்களுக்குள் அந்த நரம்புக்குழாய் மூடிவிட வேண்டும். பல பெண்களுக்கு 'நாள் தள்ளிப்போயிருக்கு' என்று உறைப்பதற்குள் அந்த நேரம் கடந்துவிடுகிறது.

நம் நாட்டில் இன்னொரு பெரிய காரணம், காசநோய். டி.பி நுரையீரலோடு நிற்பதில்லை, மூளைச் சவ்வையும் தாக்கும். அப்படி நீர் தேங்கியவர்களுக்கு ஷன்ட் வைத்தால் யார் பிழைக்கிறார்கள் என்பதை வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் 114 நோயாளிகளிடம் ஆராய்ந்து 1991-ல் வெளியிட்டார்கள். சுயநினைவோடு வந்தவர்களில் இறந்தவர்கள் 20 சதவிகிதம். ஆழ்ந்த மயக்கத்தில் வந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. நோய் ஒன்றுதான், அறுவை சிகிச்சையும் ஒன்றுதான். எந்த நிலையில் வந்து சேர்ந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். அந்த மருத்துவர்கள் வகுத்த நான்கு படிநிலைகள், மருத்துவ உலகில் இன்றும் 'வேலூர் கிரேடிங்' என்றே அழைக்கப்படுகின்றன.

பூட்டுத் தொழிற்சாலையிலிருந்து வந்த வால்வு

ஷன்ட் என்பது அடிப்படையில் ஒரு மதகு. மூளையின் உள்ளறையிலிருந்து ஒரு குழாய், நடுவில் ஒரு வால்வு, வயிற்றில் போய் முடியும் இன்னொரு குழாய். அழுத்தம் ஓரளவுக்கு மேல் போனால் வால்வு திறக்கும், குறைந்தால் மூடும். வயிற்றுக்குள் வடியும் நீரை உடலே உறிஞ்சிக்கொள்ளும். குழந்தை வளர வளரப் போதாமல் போகக்கூடாது என்று குழாயைக் கொஞ்சம் கூடுதலாகவே வயிற்றுக்குள் சுருட்டி வைத்துவிடுவார்கள்.

இந்த வால்வின் வரலாறு ஓசூர்க்காரர்களுக்குப் பிடிக்கும். ஏனென்றால், இது ஒரு மெஷினிஸ்ட்டின் கதை. அமெரிக்காவில் ஒரு பூட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் ஜான் ஹோல்டர். 1955 நவம்பரில் பிறந்த அவரது மகன் கேஸிக்கு ஹைட்ரோகெஃபாலஸ். பிலடெல்ஃபியா மருத்துவமனையில் யூஜின் ஸ்பிட்ஸ் என்ற நரம்பியல் அறுவை சிகிச்சை நிபுணர் சிகிச்சை அளித்தார். நீர் ஒரு திசையில் மட்டும் போக வேண்டும், ரத்தம் திரும்பி ஏறக்கூடாது, அதற்கு ஒழுங்கான வால்வு இல்லை என்பதுதான் பிரச்னை என்று அவர் விளக்கினார். அதை இயந்திரக் கோளாறாகப் பார்த்தார் ஹோல்டர். ஒரு நர்ஸ் ரப்பர் குழாயில் ஊசியைக் குத்தி மருந்து ஏற்றுவதையும், ஊசியை எடுத்ததும் துளை தானாக மூடிக்கொள்வதையும் கவனித்தார். பொறி தட்டியது. சில வாரங்களில் வீட்டிலேயே வால்வைச் செய்துவிட்டார். சாதாரண ரப்பர் உடலுக்குள் தாங்காது என்று தெரிந்ததும் சிலிகோனுக்கு மாறினார். 1956-ல் அந்த வால்வு முதலில் பொருத்தப்பட்டது வேறொரு குழந்தைக்கு. அந்த நேரத்தில் கேஸியின் உடல்நிலை அறுவை சிகிச்சையைத் தாங்குவதாக இல்லை. பிறகு அவனுக்கும் பொருத்தினார்கள். அவன் சில ஆண்டுகள்தான் வாழ்ந்தான். அப்பா செய்த வால்வு உலகம் முழுக்கப் போனது.

இன்னொரு அப்பாவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' எழுதிய ரோல்ட் டால். 1960 டிசம்பரில் நியூயார்க்கில் அவருடைய நான்கு மாத மகன் இருந்த தள்ளுவண்டி மீது டாக்ஸி மோதியது. தலைக்காயத்தால் நீர் தேங்க, ஷன்ட் வைத்தார்கள். அது அடைத்தது. மாற்றினார்கள், மறுபடி அடைத்தது. பொம்மை விமானங்களுக்குக் குட்டிக் குட்டி பம்ப் செய்யும் ஸ்டான்லி வேட் என்ற பொறியாளரையும், கென்னத் டில் என்ற மருத்துவரையும் சேர்த்துக்கொண்டு, அடைக்காத வால்வு ஒன்றைச் செய்யச் சொன்னார் டால். அது தயாரானபோது அவர் மகனுக்கு அது தேவைப்படவில்லை, குணமாகிவிட்டான். ஆனால், சுமார் 3,000 குழந்தைகளுக்கு அந்த வால்வு பயன்பட்டது. லாபம் வேண்டாம் என்று மூவருமே சொல்லிவிட்டார்கள்.

இப்போதைய வால்வுகளில் ஒரு வகையில், ஸ்பிரிங்கின் மேல் ஒரு செயற்கை மாணிக்கக்கல் உருண்டை உட்கார்ந்திருக்கும். ஓசூரில் செய்யும் கைக்கடிகாரங்களின் உள்ளே 'ஜுவல்' என்கிறார்களே, அதே பொருள்தான்.

விலையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உத்தரப்பிரதேசத்தின் ஷாஜஹான்பூரில் தயாராகும் 'சாப்ரா ஷன்ட்' ஒன்றின் விலை, 2000-களின் தொடக்கத்தில் 35 டாலர். அன்றைய மதிப்பில் ஏறக்குறைய 1,600 ரூபாய். வெளிநாட்டு ஷன்ட் ஒன்று 650 டாலர். உகாண்டாவில் பெஞ்சமின் வார்ஃப் என்ற மருத்துவர் 195 குழந்தைகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2005-ல் முடிவை வெளியிட்டார். ஓராண்டு கழித்துப் பார்த்ததில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 'நம்ம ஊர் சாமான்தானே, எப்படி இருக்குமோ' என்று தயங்கும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ளலாம்.

அணைக்கு அளவுகோல் உண்டு, மூளைக்கு?

இவ்வளவு இருந்தும், ஷன்ட் அடிக்கடி பழுதாகும் கருவி. குழந்தைகளிடம் நடந்த, 1998-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், முதல் வருடத்தில் பழுதாகாமல் தப்பியவை 61 சதவிகிதம். இரண்டாவது வருட முடிவில் 47 சதவிகிதம். அதாவது, பாதிக்கும் மேற்பட்டவை இரண்டே ஆண்டுகளில் ஏதோ ஒரு வகையில் கைவிட்டுவிட்டன. மூளைக்குள் இருக்கும் குழாயின் துளைகளில் திசு வளர்ந்து அடைக்கும். குழந்தை வளரும்போது இணைப்பு விட்டுப்போகும். கிருமி தொற்றும். சில நேரம் தலைகீழ்ப் பிரச்னையும் வரும். நீர் அளவுக்கு அதிகமாக வடிந்து, அதனாலும் தலை வலிக்கும்!

கிருஷ்ணகிரி அணையை எடுத்துக்கொள்ளுங்கள். 52 அடி. இன்று எத்தனை அடி நிற்கிறது, வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு என்று பேப்பரிலேயே போட்டுவிடுகிறார்கள். 2017 நவம்பரில் ஒரு ஷட்டர் உடைந்தபோது கரையோர மக்களுக்கு எச்சரிக்கை கொடுக்க முடிந்தது. தண்ணீர் கண்ணுக்குத் தெரிகிறது, அளவுகோல் இருக்கிறது. மண்டை ஓட்டுக்குள் இருக்கும் மதகுக்கு இரண்டும் கிடையாது. அதனால்தான் சந்தேகம் வரும்போதெல்லாம் சி.டி ஸ்கேன். சில நேரம் ஊசி குத்தி நீர் எடுத்துப் பார்ப்பது. சில நேரம் தலையைத் திறந்து பார்ப்பதே வழி. ஒவ்வொரு சி.டி-யும் கொஞ்சம் கதிர்வீச்சு, கொஞ்சம் பணம், ஒரு நாள் கூலி.

அந்த அளவுகோலைத்தான் இப்போது உள்ளேயே வைக்கப் பார்க்கிறார்கள்.

ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் இருக்கும் மீட்கே நிறுவனம், ஷன்டோடு சேர்த்துத் தலைத்தோலுக்கு அடியில் வைக்கும் ஒரு சென்ஸாரைச் செய்திருக்கிறது. ஐரோப்பாவில் இது சில ஆண்டுகளாகவே பயன்பாட்டில் இருக்கிறது. உள்ளே பேட்டரி கிடையாது. பேட்டரி இல்லாமல் எப்படி என்கிறீர்களா? கிருஷ்ணகிரி டோல்கேட்டில் கார் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்குக்கு யார் சார்ஜ் போடுகிறார்கள்? மேலே இருக்கும் ரீடர் அனுப்பும் ரேடியோ அலையிலிருந்தே அந்த வில்லை தனக்கான மின்சாரத்தை எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. இங்கும் ஏறக்குறைய அதே தத்துவம்தான். ரீடரைத் தலையருகே பிடித்தால் சென்ஸார் உயிர்பெற்று, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்து அனுப்பும். எடுத்துவிட்டால் தூங்கிவிடும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சைமன் மால்பாஸ் என்ற பேராசிரியரின் குழு இன்னும் சிறியதாகச் செய்திருக்கிறது. 2 மி.மீ-க்கு 3 மி.மீ அளவு, எடை சுமார் 0.3 கிராம். நோயாளி வீட்டிலேயே கையடக்கக் கருவியால் அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள முடிய வேண்டும் என்பதே இதன் நோக்கம். இது மனிதர்களிடம் பரிசோதிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறது.

உள்ளே எதையும் வைக்காமல் வெளியிலிருந்தே பார்க்கும் வழியும் உண்டு. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸின் ஆய்வகம் 2018-ல் ஒரு மெல்லிய ஒட்டுப் பட்டையை அறிமுகப்படுத்தியது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் சித்தார்த் கிருஷ்ணன். ஷன்ட் குழாய் தோலுக்கடியில் ஓடும் இடத்தில், கழுத்தில் பட்டையை ஒட்ட வேண்டும். அது தோலை மிக லேசாகச் சூடாக்கும். குழாயில் நீர் ஓடினால் அந்தச் சூட்டைக் கீழ்நோக்கி இழுத்துச் செல்லும். மேலே ஒரு வெப்பநிலை, கீழே ஒரு வெப்பநிலை காட்டும். நீர் ஓடாவிட்டால் சூடு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். விரலைத் தண்ணீரில் வைத்து ஓட்டம் பார்ப்பது போன்ற எளிய யோசனைதான்.

இவற்றைப் படித்ததும், 'அப்பாடா, பிரச்னை தீர்ந்தது' என்று எழுதிவிடத்தான் எனக்கும் ஆசை. ஆனால், உள்ளே போகப் போக அவ்வளவு எளிதில்லை என்று புரிந்தது. முதலாவது, தலைக்குள் இருக்கும் அழுத்தம் ஒரே எண் அல்ல. படுத்தால் ஒன்று, எழுந்து நின்றால் இன்னொன்று. இருமினாலும் அழுதாலும் ஏறும். அழுகிற குழந்தையிடம் எடுத்த எண்ணைப் பார்த்து அம்மா பயந்துவிடக்கூடாது. இரண்டாவது, நன்றாக வேலை செய்யும் ஷன்டிலும் நீர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்காது. விட்டு விட்டுத்தான் ஓடும். எனவே 'ஓட்டம் இல்லை' என்றால் 'அடைப்பு' என்று அர்த்தமாகாது. மூன்றாவது, உடலுக்குள் இருப்பது உப்பு நீர். வருடக்கணக்கில் அதில் ஊறும் சென்ஸாரின் அளவு மெள்ள மெள்ள விலகும். பழைய தராசு போல.

அதனால் இந்தக் கருவிகளின் உண்மையான பயன் 'இன்று எவ்வளவு' என்ற ஒற்றை எண்ணில் இல்லை என்பது என் புரிதல். நன்றாக இருக்கும் நாளில் எவ்வளவு, படுத்திருக்கும்போது எவ்வளவு என்று பல மாதக் கணக்கு கையில் இருந்தால், இன்றைய எண் அதிலிருந்து விலகுகிறதா என்று பார்க்கலாம். சாமல்பட்டி வீட்டிலிருந்து அந்தக் கணக்கை போனிலேயே பெங்களூருக்கோ சேலத்துக்கோ அனுப்பி, 'இப்பவே கிளம்புங்க' அல்லது 'காலையில வாங்க' என்ற பதிலை வாங்க முடிந்தால், அந்த இரவு 11 மணிக்குக் கொஞ்சமாவது வெளிச்சம் கிடைக்கும்.

நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் இது வாடிக்கையாகிவிட்டது என்று சொல்லும் நிலை வரவில்லை. கிருஷ்ணகிரிக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில்தான்.

தாத்தாவுக்கும் வரலாம்!

குழந்தைகளுக்கு மட்டும்தான் இது என்று நினைக்க வேண்டாம். கொலம்பியாவைச் சேர்ந்த சாலமன் ஹக்கீம் என்ற மருத்துவர் 1960-களில் முதியவர்களிடம் ஒரு வகையைக் கண்டறிந்து சொன்னார். மூன்று அறிகுறிகள். நடை மாறும், கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல இழுத்து இழுத்து நடப்பார்கள். மறதி வரும். சிறுநீரை அடக்க முடியாது. 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று நாம் விட்டுவிடுவோம். மறதி நோய், பார்க்கின்சன் என்றும் குழப்பிக்கொள்ளலாம். ஆனால், இவர்களில் பலருக்கு ஷன்ட் வைத்தால் நடை திரும்புகிறது. இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் ஒருமுறை நரம்பியல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

சென்ஸார் வரும்வரை...

கைக்குழந்தை என்றால், தடுப்பூசிக்குப் போகும்போது தலைச் சுற்றளவையும் டேப் வைத்து அளந்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. உச்சிக்குழி புடைத்திருப்பது, கருவிழி கீழ்நோக்கியே சொருகியிருப்பது, நெற்றியில் நரம்பு புடைத்துத் தெரிவது, ஓயாத வாந்தி இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். அரசின் தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடமும் காட்டலாம்.

ஷன்ட் வைத்த குழந்தை என்றால், தலைவலி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான தூக்கம் மூன்றும் சேர்ந்தால் காலை வரை காத்திருக்க வேண்டாம். குழாய் போகும் வழியில் சிவப்போ வீக்கமோ, கூடவே காய்ச்சலோ இருந்தாலும் அப்படியே. 'எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேங்கிறான்' என்றால் 108-தான். சில வகை வால்வுகளை வெளியிலிருந்து காந்தம் வைத்து மாற்றியமைப்பார்கள். உங்கள் குழந்தைக்கு வைத்திருப்பது அந்த வகையா என்று கேட்டு வைத்துக்கொண்டால், எம்.ஆர்.ஐ எடுக்கும் இடத்தில் மறக்காமல் சொல்லலாம். காந்தம் உள்ள ஹெட்போனையும் தள்ளி வைக்கலாம்.

இன்னொன்று. குழந்தை நன்றாக இருக்கும்போது எடுத்த சி.டி ஸ்கேன் உங்களிடம் இருந்தால் அது பொக்கிஷம். வேறு ஊர் மருத்துவமனையில், இரவுப் பணியில் இருக்கும், குழந்தையை முன்பின் பார்த்திராத மருத்துவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் வழி. அந்த ஃபிலிம், சி.டி, ஷன்டின் பெயரும் வகையும் எழுதிய டிஸ்சார்ஜ் சீட்டு, காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கதவுக்குப் பின்னால் மாட்டிவையுங்கள். சீட்டை செல்போனில் போட்டோ எடுத்து, அப்பாவுக்கு மட்டுமல்ல, நைட் ஷிஃப்ட் இல்லாத ஒரு சித்தப்பாவுக்கும் அனுப்பிவையுங்கள்.